முறையீடும் ஒரு செபமே

(இரண்டாம் ஆண்டு இளங்கலைத் தமிழ் மாணவி ஒருவர்)

துன்பம் மனிதனை இறைவனிடம் கொண்டு சேர்க்கிறதா, இறைவனிடமிருந்து பிரிக்கிறதா? இது புதிய வினா அன்று. கோயில் மேடைகளிலும் பட்டிமன்றங்களிலும் எத்தனையோ முறை அலசப்பட்ட வினாதான். ஆனால் இழவு விழுந்த வீட்டின் தரையில் உட்கார்ந்து அதே வினாவைக் கேட்கும்போது அதன் கனமே வேறாகி விடுகிறது. அப்படி உட்கார்ந்தவள் என்ற ஒரு தகுதியைத் தவிர இக்கட்டுரையை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. நான் இறையியல் கற்றவள் அல்லள். பிழையிருப்பின் ஆசிரியப் பெருமக்களும் சக மாணவ மாணவியரும் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் நெட்டுக்குப்பம். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் ஆறு, தலை நிமிர்ந்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். ஊரில் பெரும்பாலோர் அம்மனை வழிபடுகிறவர்கள். அவர்களுக்கிடையே எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. கரையில் சாமி வேறு வேறாக இருக்கலாம்; படகைத் தள்ளிக்கொண்டு அலைக்குள் இறங்கும்போது அனைவருக்கும் அச்சம் ஒன்றுதான்.

2022 ஆகஸ்டு மாதத்தில் ஒரு விடியற்காலை, அப்பா சென்ற ஃபைபர் படகு முகத்துவாரத்து அலையில் கவிழ்ந்தது. உடன் சென்ற இருவர் நீந்திக் கரையேறினர். அப்பா வரவில்லை. குப்பத்துப் படகுகள் ஐந்து நாட்கள் தேடின. வலை கிடைத்தது. அப்பா கட்டிச் சென்ற சோற்றுத் தூக்குகூடக் கிடைத்தது. அவர் உடல் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. அப்போது நான் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பிறந்தது இராயபுரத்தில். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகுத் தொழிலாளர்கள் தங்கள் கைப்பொருளால் எழுப்பியது. இராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயர். அவர் பெயரால்தான் ஊருக்கே இராயபுரம் என்று பெயர் வந்தது என்பார்கள். அவரும் வலை வீசிப் பிழைத்தவர். திருமணமாகி வரும்போது அம்மா ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். கடலில் மூழ்கும் இராயப்பரை இயேசு கை கொடுத்துத் தூக்கும் படம் அது. மத்தேயு நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி. எங்கள் வீட்டில் நுழைந்தவுடன் கண்ணில் படுவது அந்தப் படம்தான். அப்பா அதைத் தொட்டுக் கும்பிடாமல் ஒருநாளும் கடலுக்குப் போனதில்லை.

தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த அன்று இரவு, அம்மா அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றார். வீடு நிறைய ஆட்கள். உரத்த குரலில் கேட்டார்: “இராயப்பரு முங்கறப்ப கை குடுத்தியே, என் வூட்டுக்காரருக்கு ஏன் குடுக்கல? அவரும் உன் பேரச் சொல்லித்தானே எறங்குனாரு? அவரு கை உனக்குத் தெரியலையா?”

வந்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அன்பியத்துப் பெண்களில் ஒருவர், “அப்படிப் பேசாதக்கா, விசுவாசம் கொறஞ்சிடும்” என்றார். இன்னொருவர், “எல்லாம் ஆண்டவரோட சித்தம்” என்றார். “நல்லவங்கள அவரு சீக்கிரம் கூப்புட்டுக்குவாரு” என்று ஆறுதல் சொன்னவரும் உண்டு. அவர்களை நான் குறை கூறவில்லை. ஏனெனில் அவர்கள் அனைவரையும்விடக் கடிந்து பேசியவள் நானே. “அம்மா, சாமியத் திட்டாதம்மா, பாவம்” என்று அவர் வாயைப் பொத்தப் போனேன். என் கையை விலக்கிவிட்டு அம்மா சொன்னார்: “நான் அவருகிட்டப் பேசறேன், உன்கிட்ட இல்ல. அவரக் கேக்காம நான் வேற யாரக் கேப்பேன்?”

அந்த ஒரு சொல்லின் பொருள் எனக்கு விளங்க மூன்றாண்டுகள் ஆயின. அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதன்பின் நான் நல்ல பிள்ளையாக இருந்தேன். ஞாயிறுதோறும் பாடற்குழுவில் நின்று பாடினேன். செபமாலையின் ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரங்களையும் மணி பிசகாமல் சொன்னேன். முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலியில் வாசகம் வாசித்தபோது என் குரல் நடுங்கவில்லை என்று எல்லாரும் பாராட்டினார்கள். அம்மாவோ பாதித் திருப்பலியில் எழுந்து வெளியே போய் மணலில் உட்கார்ந்து கொள்வார். சில இரவுகளில் படத்தின் முன் நின்று அதே வினாவைக் கேட்பார்; சில இரவுகளில் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார்; காலையில் தாமே நேராக வைப்பார். இருவரில் இறைவனுக்கு நெருக்கமானவர் யார் என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், ஐயமின்றி என்னைத்தான் காட்டியிருப்பார்கள். நானும் அவ்வாறே எண்ணினேன்.

ஆனால் உண்மை என்ன? அந்த நாட்களில் அப்பாவின் பெயரை நான் ஒருமுறைகூட இறைவனிடம் சொன்னதில்லை. வாய் பாடியது, உள்ளம் பூட்டிக் கிடந்தது. திறந்தால் அம்மா கேட்ட கேள்வியே வெளிவரும் என்ற அச்சம். அம்மா இறைவனோடு சண்டை போட்டார். நான் இறைவனோடு மரியாதையாகப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் சண்டையிட்டால் உறவு இருக்கிறது என்று பொருள். ஒருவருக்கொருவர் வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டு விலகிப் போனால்தான் உறவு அறுந்தது என்று பொருள். இதை அறியாதவர் நம்மில் யார்?

விவிலியம் இதற்கு என்ன சொல்கிறது என்று தேடலானேன். தேடத் தேட எனக்கு வியப்பே மிஞ்சியது. அழுகையை அடக்கியவர்களின் நூல் அன்று அது. அதில் ‘புலம்பல்’ என்றே ஒரு நூல் இருக்கிறது. எருசலேம் நகரம் அழிந்தபின் எழுந்த ஐந்து அதிகாரக் கண்ணீர் அது. நூற்றைம்பது திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு துயரப் பாடல்கள் என்று அறிஞர் கணக்கிடுகின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி நம்பிக்கையில் முடியும். எண்பத்தெட்டாம் திருப்பாடலோ இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. இருந்தும் அதை யாரும் நூலிலிருந்து நீக்கிவிடவில்லை. செபம் என்ற பெயரிலேயே அது இன்றும் படிக்கப்படுகிறது.

யோபுவின் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்தவர். அவரைக் காண வந்த நண்பர்கள் ஏழு நாட்கள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரையில் அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும் குற்றவாளிகள் ஆனார்கள். யோபு இறைவனை வழக்குக்கு அழைத்தார். நண்பர்கள் இறைவனுக்காக வாதாடினார்கள். முடிவில் தீர்ப்பு எப்படி வந்தது? தம்மைப்பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுதான் என்றும், நண்பர்கள் பேசியது பிழை என்றும் இறைவனே சொல்கிறார். தமக்காக வாதாடியவர்களைத் தள்ளி, தம்மோடு வாதாடியவரை ஏற்றுக்கொண்டார்! அன்று அம்மாவின் வாயைப் பொத்தப் போன என் கை, அந்த நண்பர்களின் கையன்றோ?

பெத்தானியா ஊரின் மார்த்தாவை நோக்குங்கள். சகோதரன் இலாசர் இறந்து நான்கு நாட்கள் கழித்து இயேசு வருகிறார். அவர் முன்பே வந்திருந்தால் தன் சகோதரன் பிழைத்திருப்பான் என்று மார்த்தா முகத்துக்கு நேராகச் சொல்கிறார். தங்கை மரியாவும் அதையே சொல்கிறார். இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் அவரே அழுதார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. சிறிது நேரத்தில் இலாசரை எழுப்பப் போகிறவர் அவர்! அவர் ஏன் அழ வேண்டும்? எழுப்பப் போவது உண்மையானாலும் இழப்பு பொய்யாகிவிடாது என்பதுதான் நான் காணும் விடை. இறுதியில் சிலுவையில் தொங்கியபோது, தந்தை தம்மைக் கைவிட்டது ஏன் என்று கேட்கும் திருப்பாடலை அவரே சொன்னார். மகனே கேட்ட கேள்வியை என் அம்மா கேட்டது பாவமாகுமா?

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. இத்தாலியில் பிறந்து தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடிய தேம்பாவணி, மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதில் திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயர். கானகத்தில் தாய் எலிசபெத்துடன் வாழ்ந்த கருணையன் தாயை இழக்கிறான். குழியில் மலர்ப்படுக்கை பரப்பித் தாயைக் கிடத்தி, மலர்களோடு கண்ணீரையும் பொழிகிறான். அவன் புலம்பல் கேட்டுக் காட்டு மலர்களும் பறவைகளும் உடன் அழுதன போல் இருந்ததாக முனிவர் பாடுகிறார். கவனியுங்கள்: கருணையன் சாதாரண மனிதன் அல்லன், இறைவனின் வருகையை அறிவிக்க வந்த துறவி. அவனையே முனிவர் தேம்பி அழ வைத்தார். இப்பகுதியைப் பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். அடுத்த ஆண்டே அப்பா போனார். தாயைப் புதைக்கக் கருணையனுக்கு ஒரு குழியாவது இருந்தது என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன்.

குழியும் இல்லாத துயரம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆகிய கடற்கரை ஊர்களின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். புயல் உருவாகும் முன்பே போனவர்கள் அவர்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பலருடைய உடல்கள் கரை சேரவே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்ந்த ஊர்கள் அவை. அம்மக்கள் ஆலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அத்தோடு நிற்கவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை இரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு, காணாமற்போனவர்களைத் தேடித்தருமாறு தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அருட்தந்தையரும் அவர்களோடு இருந்தனர்.

இங்கே ஒன்றைத் துணிந்து சொல்ல விரும்புகிறேன். ‘கடவுள் சித்தம்’ என்ற சொல் பல வேளைகளில் கடவுளுக்கு இழைக்கும் அநீதியாகி விடுகிறது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டாதது மனிதர் செய்த குறை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் கலந்து வந்து எங்கள் ஆற்றையும் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியதே, அதுவும் மனிதர் செய்த குறை. அப்போதும் “எல்லாம் அவன் செயல்” என்று சொன்னவர்கள் இருந்தார்கள். மனிதனின் குற்றத்தைக் கடவுளின் கணக்கில் எழுதிவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பெயர் சூட்டுவது முறையாகுமா? முறையிடத் தெரிந்தவன்தான் எதைக் கடவுளிடம் கேட்க வேண்டும், எதை மனிதரிடம் கேட்க வேண்டும் என்றும் தெரிந்துகொள்வான்.

மறுப்புரைகளும் உண்டு என்பதை அறிவேன். நம்பிக்கையற்றவர்களைப்போல் துயருற வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கருக்கு எழுதவில்லையா என்று கேட்பார்கள். எழுதினார். ஆனால் நம்பிக்கையற்றவரைப்போல் அழவேண்டாம் என்றாரேயன்றி, அழவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுவாரோடு அழுமாறு உரோமையருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். “துயரத்தில் சிலர் கடவுளையே விட்டுவிடுகிறார்களே” என்று கேட்பார்கள். ஆம், விட்டவர்கள் உண்டு. அவர்களை நியாயந்தீர்க்க நான் யார்? துயரம் எல்லாரையும் இறைவனிடம் சேர்க்கும் என்று நான் சொல்லவில்லை. இறைவனிடம் சேர்ப்பதற்காகவே துயரம் அனுப்பப்படுகிறது என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. என் அப்பாவின் உயிர் எனக்குப் பாடம் நடத்த வந்த கருவி அன்று.

நெருக்கம் என்பது மனம் குளிர்ந்திருப்பது என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதே பிழை. கொல்கத்தாவில் ஏழைகளுக்குத் தொண்டாற்றிய அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது உலகமே வியந்தது. பல பத்தாண்டுகள் இறைவனின் அண்மையை உணராமல் இருளில் இருந்ததாக அவர் அவற்றில் எழுதியிருந்தார். ஆயினும் அந்த இருளிலும் அவர் இறைவனை நோக்கிப் பேசுவதை விடவில்லை. எனவே நெருக்கம் உணர்வில் இல்லை, பேச்சை நிறுத்தாமையில் இருக்கிறது என்பதே என் கருத்து. புகழ்ந்து பேசலாம், அழுது பேசலாம், சண்டை போட்டும் பேசலாம். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவே.

நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் ஒரு துக்க வீட்டுக்குப் போக நேரலாம். அங்கே விளக்கம் சொல்லாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆயா செய்ததைச் செய்யுங்கள். அவர் அம்மனைக் கும்பிடுகிறவர், விவிலியம் படித்ததில்லை, எழுதப் படிக்கவும் தெரியாது. அந்த நாட்களில் தினமும் வந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். அப்பா மீன் விற்ற கதை, ஆயாவின் கூரையை மழைக்கு முன் மாற்றிக் கொடுத்த கதை எல்லாம் அந்த ஒப்பாரியில் வந்தன. ஒப்பாரி முடிந்ததும் உலை வைத்துச் சோறு பொங்கி, எங்களுக்குப் போட்டுவிட்டுப் போனார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாளோடு நிறுத்திக்கொண்ட தொண்டை, ஆயா நாற்பது நாள் செய்தார்.

கடந்த 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, கல்லறைத் திருநாள். காலையில் காசிமேட்டுக் கல்லறைக்குப் போய்த் தாத்தா பாட்டியின் கல்லறைக்குப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி வந்தோம். அப்பாவுக்குக் கல்லறை இல்லை. காணாமற்போனவரை இறந்தவராகக் கருத ஏழாண்டுகள் கழிய வேண்டும் என்பது பொதுச் சட்டம்; அதில் பாதியளவே நாங்கள் கடந்திருக்கிறோம். ஆகவே மாலையில் அம்மா வழக்கம்போல் முகத்துவாரத்து மணலுக்குப் போனார். முந்தைய ஆண்டுகளில் படிப்பிருக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவேன். இம்முறை நானும் போனேன்.

கொட்டாங்கச்சியை மணலில் பதித்து அதற்குள் மெழுகுவத்தியை நிறுத்தினார். வாடைக்காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது. தீக்குச்சி தீர்ந்துபோய் அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, என் வாயிலிருந்து என்னை அறியாமலே வந்தது: “அப்பாவுக்கு ஏன் கை குடுக்கல?” கடலைப் பார்த்துத்தான் கேட்டேன். ஆனால் யாரைக் கேட்டேன் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. மூன்றாண்டுகளில் இறைவனிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. பாவம் என்று அம்மா சொல்லவில்லை. வாயைப் பொத்தவும் இல்லை. “கேளு, நல்லாக் கேளு” என்று என்னை அணைத்துக்கொண்டார். விடை ஏதும் வரவில்லை. அழுது முடித்து நிமிர்ந்தபோது, வேறு தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு ஆயா மணலில் நடந்து வந்துகொண்டிருந்தார்.